12 வயதுப் பையன், பிடரியில் கறுப்பு, ஏ1சி 5.8: இது சர்க்கரையா?

கீழக்கரை வாசி:
மகனுக்கு 12 வயது. உயரம் 148 செ.மீ., எடை 61 கிலோ. பிடரி கறுத்துத் தடித்திருக்கிறது, பயத்தமாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை 96, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 5.8. எனக்கும் சர்க்கரை உண்டு. லேபில் ஃபாஸ்டிங் இன்சுலினும் (வெறும் வயிற்றில் இன்சுலின் அளவு) எடுக்கச் சொல்கிறார்கள், தேவையா? சீனியை நிறுத்திக் கருப்பட்டிக்கு மாறிவிட்டோம்.

மண்டபம் நர்ஸ்:
தேய்க்கிறதை நிறுத்துங்க அண்ணே, தோல்தான் புண்ணாகும். அது அழுக்கு இல்லை. உடம்பு இன்சுலினுக்குச் சரியா மசியாதப்போ கணையம் கூடுதலாச் சுரந்து ஈடுகட்டுது. வெறும் வயித்துச் சர்க்கரை 96-னு சரியா வர்றது அதனாலதான். அந்த மிகை இன்சுலின் தோல் செல்லையும் தூண்டிவிடும். பிடரி, அக்குள் கறுத்து வெல்வெட் மாதிரி தடிக்கும். பருவ வயசு வேற, அந்த நேரத்துல எல்லாப் பிள்ளைக்குமே இன்சுலின் வேலை கொஞ்சம் மந்தமாகும்.

பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவுங்கிற கணக்கு, கிட்டத்தட்ட 28, இந்த வயசுக்கு அது உடல் பருமன். ஏ1சி 5.7 முதல் 6.4 வரை சர்க்கரைக்கு முந்தின நிலை, 6.5 தொட்டா சர்க்கரை நோய். ஃபாஸ்டிங் இன்சுலின் வேண்டாம். லேபுக்கு லேப் மாறும், அதைப் பார்த்து வைத்தியமும் மாறப்போறதில்லை. அந்தக் காசுல கொழுப்பும், கல்லீரலுக்கு ஏஎல்டி-ங்கிற ரத்த டெஸ்ட்டும் பாருங்க. பிபி கட்டாயம். ஹீமோகுளோபின் எவ்வளவு?

கீழக்கரை வாசி:
10.4.

மண்டபம் நர்ஸ்:
அது கம்மி. அப்போ 5.8-ஐ அப்படியே நம்ப முடியாது. இரும்புச்சத்து குறைஞ்சா ஏ1சி கூடுதலாக் காட்டும். டாக்டர்கிட்ட சொல்லி குளுக்கோஸ் குடிச்சுப் பார்க்கிற டெஸ்ட் எடுங்க. கிலோவுக்கு 1.75 கிராம் கணக்கு, ஆனா 75 கிராமுக்கு மேல போகக் கூடாது; உங்க பையனுக்கு 75தான். முந்தின மூணு நாள் சோறு வழக்கம்போலக் கொடுங்க. டெஸ்ட்டுக்குப் பயந்து சோத்தைக் குறைச்சா, குளுக்கோஸ் இறங்கினதும் சர்க்கரை பொய்யா ஏறும். 8 மணி நேரம் பட்டினி, தண்ணி மட்டும். அஞ்சு நிமிஷத்துல குடிச்சிட்டு 2 மணி நேரம் உட்கார்ந்திருக்கணும். வாந்தி எடுத்தா இன்னொரு நாள்தான். 2 மணி நேர ரத்தத்துல 140-க்குக் கீழே சரி, 200-ம் அதுக்கு மேலயும் சர்க்கரை.

தொண்டி உணவியலர்:
கருப்பட்டி விஷயத்தில் நம் கரையோரம் முழுக்க ஏமாறுகிறது. அதில் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். நம் ஊர் இனிப்பான தொதலில் கருப்பட்டியோடு அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்கிறது. அதைப் பெருநாளுக்கு ஒரு துண்டு என்று வையுங்கள். முதலில் நிறுத்த வேண்டியது குடிக்கிற இனிப்பு: சர்பத், பாட்டில் பானம். பல 250 மில்லி பாட்டில்களில் 25 கிராம் அளவுக்குச் சீனி இருக்கும், வயிறும் நிறையாது.

தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு மீன், கால் பங்கு சோறு. சாளை மீனோ நெத்திலியோ குழம்பாக இருக்கட்டும், எண்ணெயில் பொரித்தது வேண்டாம். மீனையும் காயையும் முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். ராத்திரி பரோட்டா வழக்கம் இருந்தால் அதுதான் அடுத்து.

பட்டினி போட்டு எடை குறைக்காதீர்கள், வளர்கிற பிள்ளை. 61 கிலோவிலேயே நின்று 155 செ.மீ. வளர்ந்தாலே பிஎம்ஐ 25.4-க்கு இறங்கிவிடும். ஆனால் பள்ளி விட்டு டியூஷன், அது விட்டு ஓதப்போவது என்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்தே போனால் இது நடக்காது. தினம் 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடட்டும். வேலை செய்கிற தசை இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மணலில் பந்து விளையாடினால் கூடுதல் நல்லது.

மண்டபம் நர்ஸ்:
ஒண்ணு விட்டுப்போச்சு அண்ணே. உங்க சர்க்கரை மாத்திரையைப் பாதியா உடைச்சுப் பையனுக்குக் கொடுத்துடாதீங்க. சிலதுல சர்க்கரை சடார்னு இறங்கி மயங்கி விழுந்துடுவான். அடங்காத தாகம், ராத்திரி படுக்கையில சிறுநீர், திடீர் மெலிவு, வாந்தியோட மூச்சு வாங்குறது, இதுல எது வந்தாலும் டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்காம அன்னைக்கே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க.