பக்கத்து வீட்டுப் பாட்டியின் பழைய டாலர் நோட்டுகள்: 60 டாலருக்குக் கொடுத்துவிடலாமா?

ஒஹாயோவாசி:
வணக்கம். நாங்கள் ஒஹாயோவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி வீட்டைக் காலி செய்கிறார். பிஸ்கட் டின் ஒன்றில் கொஞ்சம் பழைய நோட்டுகள் இருந்தன. "நீங்கள் கம்ப்யூட்டர்காரர்கள், விலை பார்த்துச் சொல்லுங்கள்" என்று என்னிடம் தந்துவிட்டார். ஊரில் ஒரு பழம்பொருள் கடைக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 டாலர் தருகிறேன் என்கிறார். டின்னில் இருப்பவை:

1000 டாலர், 1840, 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்'. மஞ்சளாக, அப்பளம் மாதிரி மொரமொரப்பாக இருக்கிறது.
1 டாலர், 1957, நீல முத்திரை. ஒன்பது. ஒன்றில் எண்ணுக்கு முன்னால் நட்சத்திரம்.
2 டாலர், 1953, சிவப்பு முத்திரை. இரண்டு.
1 டாலர், 1923. இப்போதைய நோட்டைவிடப் பெரியது.
1 டாலர், 1935ஏ, பழுப்பு முத்திரை. பின்பக்கம் முழுக்க யாரோ ஹவாய் என்று அச்சடித்துப் பாழாக்கியிருக்கிறார்கள்.

ஆயிரம் டாலர் நோட்டுக்கே 60-க்கு மேல் வராதா?

தாள்பித்தன்:
அந்த ஆயிரத்தின் வரிசை எண் 8894 தானே?

ஒஹாயோவாசி:
ஆமாம்! படம்கூடப் போடவில்லையே, எப்படித் தெரியும்?

தாள்பித்தன்:
எல்லாருடைய நோட்டிலும் அதே எண்தான் சகோதரி. பழைய தாள் போலத் தெரியச் சாயமேற்றி, நினைவுப் பொருளாக ஏராளமாக அச்சடித்த நகல் அது. பிலடெல்பியாவில் அந்தப் பெயரில் வங்கி இருந்தது உண்மை, 1841-இல் திவாலானது. ஆனால் உங்கள் கையில் இருப்பதற்கு மதிப்பு இல்லை. மாதம் ஒருவராவது இதே எண்ணோடு இங்கே வந்து வீடு வாங்கக் கணக்குப் போடுகிறார்கள்.

1957 நீல முத்திரை, வெள்ளிச் சான்றிதழ்; அதாவது, கொடுத்தால் அரசாங்கம் வெள்ளி தரும் என்று அந்தக் காலத்தில் உறுதி சொன்ன நோட்டு. கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள். புழங்கிய நோட்டென்றால் இரண்டு மூன்று டாலர். நட்சத்திரம் என்றால், அச்சில் கெட்டுப்போன தாளுக்குப் பதிலாகப் போட்டது. அந்த ஆண்டு வரிசையில் அதுவும் நிறையக் கிடைக்கும், ஒன்றிரண்டு டாலர் கூடலாம், அவ்வளவுதான். சிவப்பு இரண்டு டாலரும் சில டாலர்களே. 1923 நல்ல நோட்டு. பெரிய அளவு நோட்டுகளின் கடைசிக் காலத்தைச் சேர்ந்தது. 1929-இல்தான் இப்போதைய அளவுக்குச் சுருக்கினார்கள். அதன் நிலை எப்படி?

ஒஹாயோவாசி:
நான்காக மடித்திருந்தது... குறைந்த சூட்டில் லேசாக இஸ்திரி போட்டேன்.

பாலா_டெக்சாஸ்:
அய்யோ அக்கா! நோட்டில் மேடாக இருக்கும் அச்சு தட்டையாகிவிடுமே. சேகரிப்பவர்கள் விரலை வைத்தாலே கண்டுபிடித்துவிடுவார்கள். நானும் ஒருமுறை ஒரு நோட்டைச் சோப்புத் தண்ணீரில் அலசியவன்தான், அதனால் திட்டவில்லை. மீதியைத் தொடாதீர்கள். மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

ஒஹாயோவாசி:
சரி, இனி இஸ்திரிப் பெட்டி பக்கமே போகமாட்டேன். நீல நோட்டில் 'வெள்ளியாகத் தரப்படும்' என்று இருக்கிறதே, வங்கியில் கொடுத்தால் வெள்ளி தருவார்களா?

தாள்பித்தன்:
அது 1968 ஜூன் 24-ஓடு முடிந்தது. இப்போது அது சாதாரண ஒரு டாலர். செல்லும்.

நீங்கள் 'பாழாக்கிவிட்டார்கள்' என்ற நோட்டுக்கு வருகிறேன். டின்னில் இருப்பதிலேயே அதுதான் சுவையானது. முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் செங்குத்தாகச் சின்ன எழுத்தில் ஹவாய் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அரசாங்கமே அச்சடித்தது. ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய பிறகு, ஜப்பானியர்கள் ஹவாயைப் பிடித்தால் அங்குள்ள டாலரெல்லாம் அவர்கள் கைக்குப் போகுமே என்ற பயம். 1942-இல் அங்கு புழங்கிய நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு இதைக் கொடுத்தார்கள். தீவு பறிபோனால் இந்த நோட்டு மட்டும் செல்லாது என்று அறிவித்துவிடலாம். திரும்ப வாங்கிய பழைய நோட்டுகளைக் கப்பலில் அமெரிக்கப் பெருநிலத்துக்கு அனுப்பவும் தயக்கம். பிணம் எரிக்கும் உலையிலும், அது போதாமல் சர்க்கரை ஆலையிலும் போட்டு எரித்தார்கள்.

கசங்கியிருந்தாலும் முப்பது நாற்பது டாலர் போகும். மடிப்பில்லாமல் இருந்தால் இன்னும் மேலே. ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையை மட்டும் பாருங்கள். நோட்டின் நிலையைப் பார்த்துத் தரம் போட்டுத் தரும் நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டாம், கட்டணமே நோட்டின் விலையைத் தின்றுவிடும்.

பாலா_டெக்சாஸ்:
இஸ்திரி போட்ட 1923-க்கும் குறைந்தது இருபது டாலர் வரும் அக்கா. ஹவாயோடு சேர்த்தாலே கிட்டத்தட்ட 60 ஆகிவிட்டது. மீதி பன்னிரண்டும் கடைக்காரருக்கு இலவசமா?

ஒஹாயோவாசி:
முன்பக்கம் சின்ன எழுத்து இருக்கிறது! பாட்டியிடம் சொன்னேன். அவருடைய அப்பா போர்க்காலத்தில் ஹொனலுலு துறைமுகத்தில் வேலை பார்த்தாராம். அந்த நோட்டு மட்டும் விற்பனைக்கில்லை என்று கைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றவற்றுக்கு வேறு கடையில் விலை கேட்கிறேன். ஆயிரம் டாலரை என் பையன் எடுத்துக்கொண்டான், நாளை பள்ளிக்குக் கொண்டுபோகிறானாம்.