மலாயா தபால்தலைகள்: எங்கிருந்து தொடங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பிரிட்டிஷ் இந்தியத் தபால்தலைகளை ரொம்ப நாளாகச் சேர்த்து வருகிறேன். அடுத்ததாக மலாயா பக்கம் போகலாம் என்று ஆசை. காரணம் இருக்கிறது. சிங்கப்பூரிலும் பினாங்கிலும் 1867 வரை இந்தியத் தபால்தலைகள்தான் புழக்கத்தில் இருந்தன. அந்த ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களுக்கென (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதி) வந்த முதல் தபால்தலைகளும் இந்தியத் தலைகள்தான், மேலே கிரீடமும் சென்ட் மதிப்பும் அச்சடித்தவை. ஆக என் ஆல்பத்தின் தொடர்ச்சியே அது.

ஆனால் உள்ளே போனால் தலை சுற்றுகிறது. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து 4 சென்ட்டை மட்டும் எடுங்கள்: ஊதா, சிவப்பு, ஆரஞ்சு என்று பல நிறம், வாட்டர்மார்க்கும் (தாளுக்குள்ளேயே பதிந்திருக்கும் நீர்க்குறி) இரண்டு வகை. கறுப்புத் தட்டில் கவிழ்த்து வைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கிறேன். சிலவற்றில் வாட்டர்மார்க்கின் கிரீடமும் சி.ஏ. (CA) எழுத்தும் பளிச்சென்று தெரிகின்றன, சிலவற்றில் ஒன்றுமே தெரிவதில்லை. வாட்டர்மார்க்கைத் தெளிவாகக் காட்டும் பென்சின் (benzine) திரவம் இல்லாமல் பார்க்க வழி உண்டா?

அப்புறம், ஜொகூர், கெடா, பேராக், சிலாங்கூர் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித் தலைகள். மாநிலவாரியாகப் போவதா, மன்னர்வாரியாகவா? எனக்கென்னவோ மாநிலவாரிதான் சரி என்று படுகிறது, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முக்கியமான சந்தேகம் 1942 ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால ஓவர்பிரிண்ட், அதாவது ஏற்கெனவே இருந்த தலைகள் மேல் குத்திய முத்திரை. போலிகள் ஏராளம் என்பதால் வாங்கவே பயமாக இருக்கிறது. அசல் முத்திரையின் மையையும் விளிம்பையும் பெரிதாக்கி எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள். உபரியாக இருக்கும் சாதாரண மலாயா தலைகளுக்கு மாற்றாக என்னிடமுள்ள இந்தியத் தலைகளைத் தரத் தயார்.