விளம்பரக் கணக்கை முடக்கிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. புதுக் கணக்கு தொடங்கலாமா?

கருங்கல் கருப்பட்டி:
எல்லாருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் நாலு பனையேறிகள் வீட்டில் அக்கானி (பதநீர்) காய்ச்சும் கருப்பட்டியை மொத்தமாக எடுத்து வெப்சைட்டில் விற்கிறேன், கூடவே தேனும் கிராம்பும் உண்டு. மூன்று வருஷமாக இணையத்தில் விளம்பரம் ஓடுகிறது. போன செவ்வாய்க்கிழமை விளம்பரத் தளத்திலிருந்து ஒரு மெயில், "தவறான சித்தரிப்பு, கணக்கு முடக்கப்பட்டது" என்று. எந்தப் பொருள், எந்தப் பக்கம், எந்த வரி, ஒன்றும் இல்லை. மேல்முறையீடு போட்டேன், இருபது நிமிஷத்தில் அதே வாசகம் திரும்பி வந்தது. யாராவது படித்தார்களா என்றே சந்தேகம். பனையேறிகளுக்கு முன்பணம் கொடுத்தாச்சு, பின்னறையில் ஓலைப்பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன, எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்தால் அடிப்பெட்டியில் இருப்பது கசிய ஆரம்பித்துவிடும். வீட்டுக்காரர் பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாமா?

வடசேரி நகை:
வேண்டவே வேண்டாம் அக்கா. நான் அதைச் செய்துதான் மாட்டிக்கொண்டேன். கோயில் நகை விற்கிறேன், வெள்ளியில் தங்கத் தகடு வைத்த வேலை. எனக்கும் இதே மெயில் வந்தபோது தம்பி பெயரில் இன்னொரு கணக்கு திறந்தேன், கார்டு மட்டும் பழையது. சாயங்காலமே அதையும் முடக்கி, விதியை ஏய்க்கப் பார்த்ததாக ஒரு குற்றத்தையும் சேர்த்துவிட்டார்கள். முதல் தடையை விட இதை நீக்குவதுதான் பெரும்பாடு. பிறகு பார்த்தால் என் வெப்சைட் பக்கத்தில் தங்க நிறப் படம் பெரிதாக இருக்கிறது, வெள்ளி என்பது கீழே பொடி எழுத்தில். அதை மேலே கொண்டுவந்து மூன்றாம் முறை கேட்டபோதுதான் விட்டார்கள். அதுதான் காரணமா என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

தக்கலை வெப்:
உங்கள் தளத்தை ஒரு மணி நேரம் பார்த்தேன் அக்கா. அடுத்த மேல்முறையீட்டை இப்போதே போடாதீர்கள். சும்மா திரும்பத் திரும்பப் போட்டால் அடுத்த முறை கேட்கக் காத்திருக்கச் சொல்வார்கள். திருப்பி அனுப்பும் விதியில் 30 நாள் என்று இருக்கிறது, கேள்வி பதில் பக்கத்தில் உணவுப் பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று இருக்கிறது. வேறு கடையிலிருந்து எடுத்து ஒட்டியது போல. பொருள் பக்கத்தில் 420 ரூபாய், பணம் கட்டும் இடத்தில் 490, கூரியர் என்று எங்கேயும் சொல்லவில்லை. முகவரியில் மாவட்டப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் கன்யாகுமரி என்றும் இன்னொரு இடத்தில் கன்னியாகுமரி என்றும் எழுதியிருக்கிறீர்கள், ஜிஎஸ்டி சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். மாவட்டத்தின் பெயரையே இரண்டு விதமாக எழுதுகிற நமக்கு இது தப்பாகவே தெரியாது, சரிபார்க்கிற இயந்திரத்துக்கு இரண்டு கடையாகத் தெரியலாம்.

அப்புறம் முக்கியமானது. "சுகர் உள்ளவர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்" என்ற வரியை இன்றே எடுத்துவிடுங்கள். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சர்க்கரை. நம்பிச் சாப்பிடுகிறவருக்குக் கெடுதல். தேன் பக்கத்தில் சர்க்கரை நோய் குணமாகும் என்று எழுதியிருப்பது இன்னும் மோசம், மருந்தென்று சொல்லி அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது. ஒவ்வொன்றையும் திருத்தி, முன்னும் பின்னும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எதை மாற்றினேன் என்று நேராக எழுதிக் கேளுங்கள்.

நாகர்கோவில் வாசகர்:
இன்னொரு வழியும் இருக்கிறது, நிறைய கடைக்காரர்களுக்குத் தெரியாது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி இந்த விளம்பரத் தளங்கள் இந்தியாவுக்கென்று குறைதீர் அலுவலர் ஒருவரை வைத்து, அவரைத் தொடர்புகொள்ளும் விவரத்தைத் தளத்தில் போட வேண்டும். கணக்கை முடக்குவது பற்றியும் அவரிடம் புகார் கொடுக்கலாம். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம், 2023 முதல் நடக்கிறது. முதலில் தக்கலைத் தம்பி சொன்னதைச் செய்யுங்கள், உங்கள் தளம் சுத்தமாக இருந்தால்தான் அங்கேயும் நியாயம் நிற்கும்.

கருங்கல் கருப்பட்டி:
ரொம்ப நன்றி மக்களே. சுகர் வரியை இப்போதுதான் எடுத்தேன், அது மாமியார் சொல்லக் கேட்டு எழுதியது, யோசிக்கவே இல்லை. முகவரி, கூரியர், திருப்பி அனுப்பும் விதி மூன்றையும் இன்று ராத்திரி முடிக்கிறேன். நாளை ஜிஎஸ்டி சான்றிதழையும் உணவுப் பாதுகாப்புப் பதிவையும் சேர்த்து ஒரே மேல்முறையீடு. அதுவரை பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லி அடிப்பெட்டிகளை முதலில் அனுப்பப் பார்க்கிறேன்.