நாவலில் வரும் 'சோலை'க்கு என்ன பொருள்?

கேள்வி:
கோத்தகிரிக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. நீலகிரியில் நடக்கும் ஒரு நாவல் படிக்கிறேன். அதில் சோலைக்குள் பகலிலேயே இருட்டு, அட்டை கடிக்கிறது, தொலைந்த மாட்டைத் தேடிப் போகவே பயப்படுகிறார்கள். எனக்குச் சோலை என்றால் பூஞ்சோலைதான், நிழலும் குயிலும். குழப்பமாக இருக்கிறது.

பதில் 1:
இங்கே சோலை என்றால் காடுங்க. புல்மலைகளுக்கு நடுவே, இரண்டு சரிவு கூடும் மடிப்பில் மட்டும் அடர்ந்து நிற்கும், கிளையெல்லாம் பாசி, தரை முழுக்க ஈரச் சருகு, அது மழையை உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் கோடையிலும் ஓடையில் தண்ணீர். ஆங்கிலத்தில் எழுதும் 'ஷோலா' நம்முடைய இந்தச் சொல்தான். பக்கத்திலேயே லாங்வுட் சோலை இருக்கிறது, ஒருநாள் போய்ப் பாருங்கள்.

பதில் 2:
கொடைக்கானல் பக்கமும் இதே பொருள்தான். ஆனால் பூஞ்சோலையும் தப்பில்லை, பழமுதிர்சோலை என்கிறோமே, மரம் அடர்ந்த இடம் என்பதே அடிப்படை. பாலைவனச் சோலையில் தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது.

கேள்வி கேட்டவர்:
சரி அண்ணா. சோலையை வெட்டித் தேயிலை வைத்ததும் அந்தக் கிழவி ஏன் ஓடைக்கரையில் போய் உட்கார்ந்து அழுகிறாள் என்று இப்போதுதான் புரிகிறது.