கண்ணை மூடிக்கொண்டு ஐம்புலன் பாடம்

ஐம்புலன்கள் பாடம் வந்தால் என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லித்தான் நடத்துகிறேன். கைக்குட்டை கட்டுவதில்லை. ஒரே துணி பலர் கண்ணில் பட்டால் மெட்ராஸ் ஐ பரவும். தவிர, கண்ணைக் கட்டினால் சில பிள்ளைகள் மிரண்டுபோகிறார்கள். தானாக மூடிய கண்ணை வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

சீரகம், சோம்பு, ஓமம் மூன்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் வைப்பேன். விரலால் தொட்டுச் சொல்லும்போது சீரகமா சோம்பா என்று பெரிய வழக்கே நடக்கும். மூக்கருகே கொண்டுபோனதும் தீர்ந்துவிடும். அடுத்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சு மிட்டாய். "இனிப்பும் புளிப்பும்தான் தெரிகிறது டீச்சர்" என்பார்கள். மூக்கை விட்டதும் ஆரஞ்சு வந்துவிடும்! சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு, வாய்க்குள்ளிருந்து மூக்குக்கு ஏறும் வாசனைதான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓசை விளையாட்டு. ஒரு பிள்ளை நடுவில் உட்கார, சுற்றி எங்கிருந்தாவது டம்ளரைக் கரண்டியால் தட்டுவோம். இடமோ வலமோ என்றால் விரல் சரியாக நீளும். நேர் முன்னாலோ நேர் பின்னாலோ தட்டினால் குழம்பிப்போவார்கள். பக்கவாட்டு ஓசை ஒரு காதைச் சற்று முன்பே எட்டிவிடுகிறது. அந்த நுண்ணிய நேர வித்தியாசம் மூளைக்குத் திசை சொல்கிறது. நேர்க்கோட்டில் வரும் ஓசையோ இரண்டு காதுகளுக்கும் ஒன்றாகவே வருகிறது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் விடை கிடைக்கும். ஒரு சிறுமி யாரும் சொல்லாமலே திருப்பிக் கண்டுபிடித்தாள். அன்றைய பாடத்தை அவளே நடத்திவிட்டாள்.

ஆனால் "பார்வையற்றவர்கள் இப்படித்தான் வாழ்கிறார்கள்" என்று இந்த வகுப்பை முடிப்பதை நான் ஏற்பதில்லை. சில நிமிடம் கண்ணை மூடிய குழந்தைக்குத் தடுமாற்றம் மட்டுமே தெரியும். ஆண்டுக்கணக்கில் பழகிய திறமை தெரியாது. 'பாவம்' என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவரை அழைத்தேன்.

விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெய்லை எழுதும் சட்டத்தில் தாளைப் பொருத்தி, வலமிருந்து இடமாகப் புள்ளிகளைக் குத்தி, திருப்பிப்போட்டு இடமிருந்து வலமாக அவர் படித்தபோது பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்துவிட்டார்கள். பிறகு ரூபாய் நோட்டு. புதிய நோட்டுகளில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. பிள்ளைகள் தொட்டுப் பார்த்துத் தோற்றார்கள். அவர் விரல்களில் வைத்து அளந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"சார், கிழிந்த நோட்டைக் கொடுத்து ஏமாற்றினால்?" என்றான் ஒருவன்.

"உனக்குக் கொடுத்தால் என்ன செய்வாய்?"

"வேறு நோட்டு கேட்பேன்."

"நானும் அதைத்தான் கேட்பேன். கிழிசல் விரலுக்குத் தெரியாதா?"

அடுத்த முறை அவரை முதலில் பேசவைத்து, கண்ணை மூடும் விளையாட்டுகளைப் பிறகு வைக்கப்போகிறேன். அவர் விரலாலும் காதாலும் செய்வதைத் தாங்களும் கற்கப் பார்க்கிறோம் என்ற நினைப்போடு பிள்ளைகள் கண்ணை மூடட்டும்.