கொலுசு வடிவமைப்புக்கு எஃப்எம்இஏ: மதிப்பெண்ணில் சிக்கல், உதவுங்க

வணக்கம். சேலத்துக் கொலுசுப் பட்டறை ஒன்றுக்குக் குழந்தைக் கொலுசின் புது டிசைனுக்கு எஃப்எம்இஏ (FMEA: பொருள் எப்படியெல்லாம் பழுதாகலாம், அதன் விளைவு என்ன என்று முன்கூட்டியே அலசும் முறை) அட்டவணை போடுகிறோம். பாதிப்பு, நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் (கண்டுபிடிப்பது கடினமானால் மதிப்பெண் கூடும்), பிறகு பெருக்கல். பெருக்கல்தான் உதைக்கிறது.

மணி கழன்று குழந்தை வாயில் போட்டுவிடுவது: 9×2×4=72. பாலிஷ் கருப்பது: 3×8×3=72. இரண்டும் ஒன்றா? அதனால்தான் கார்த் தொழில் அமைப்புகளான ஏஐஏஜி, விடிஏ சேர்ந்து வெளியிட்ட 2019 எஃப்எம்இஏ கையேட்டில் பெருக்கலைக் கைவிட்டு, பாதிப்பை முதலில் பார்க்கும் செயல் முன்னுரிமை அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். ஆனால் அது கார் உதிரிபாகத் தொழிலுக்கு எழுதியது. பட்டறை அளவுக்குச் சுருக்கிய யாராவது இருந்தால் உங்கள் வரையறைகளைப் பகிருங்கள்.

இன்னொன்று, 'ஏன்' கேள்வி. மணி ஏன் விழுந்தது? வளையம் திறந்தது. ஏன்? பற்றவைப்பு பிடிக்கவில்லை. ஏன்? வளையத்தின் இரு முனையும் ஒட்டாமல் முடியளவு இடைவெளி; பற்றுப்பொடி உருகி ஓடும், பள்ளத்தை நிரப்பாது. இங்கே 'ஆள் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அது காரணமே இல்லை. கம்பியை வெட்டிய கட்டர் முனையைச் சாய்வாக விட்டதா என்றல்லவா பார்க்கணும்?

கடைசியாக: வளையம் ஒரு வீட்டில், பற்றவைப்பு வேறு வீட்டில் நடந்தால் கண்டுபிடிக்கும் மதிப்பெண்ணை எந்த இடத்தில் வைப்பீர்கள்? ஸ்பிரிங் தராசில் மாட்டி இழுத்துப் பார்ப்பவர்கள், நூறு ஜோடிக்கு எத்தனை எடுக்கிறீர்கள், எத்தனை கிலோவில் நிறுத்துகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.