தடித்த நாவலில் இடைவெளி விழுந்தால் எப்படித் தொடர்வது? வழி சொல்லுங்கள்

நண்பர்களே, வணக்கம். தினசரி வாசிப்புக்கு நேரக்கணக்கைவிடப் பக்கக்கணக்குதான் சரிப்பட்டு வரும். நாளைக்கு 15 பக்கம் என்றால் ஆண்டுக்கு 5,475 பக்கம். 250 பக்கப் புத்தகங்களில் இருபதுக்கு மேலேயே முடிந்துவிடும். இரவு பல் துலக்கியதும் புத்தகம், செல்போன் அடுத்த அறையில். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் 600, 700 பக்க நாவல்களில்தான். காய்ச்சலோ பயணமோ வந்து நான்கைந்து நாள் விட்டுப்போனால், யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகிறது. முதலிலிருந்து தொடங்கினால் அலுப்பு. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் பக்கத்துக்கு இருமுறை பின்னால் புரட்ட வேண்டியிருக்கிறது. அப்படியே மூடிவைத்த புத்தகத்தோடு பழக்கமும் போய்விடுகிறது, அதுதான் பெரிய இழப்பு.

ஓரளவு கைகொடுப்பவை: பின்னட்டையின் உட்புறம் பென்சிலால் பாத்திரங்களின் பெயர், உறவு, முதலில் வரும் பக்க எண். அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தாமல், அடுத்ததில் இரண்டு பக்கம் உள்ளே போய் நிறுத்துவது. மறுநாள் தொடங்கத் தயக்கம் இருக்காது. இடைவெளிக்குப் பிறகு முதல் நாள் புதிதாக எதுவும் படிக்காமல், கடைசிப் பத்துப் பக்கத்தை மட்டும் திரும்பப் படிப்பது.

கேள்விகள் இரண்டு. நூலகப் புத்தகத்தில் எழுத முடியாதே, அதற்குக் குறிப்பை எங்கே வைக்கிறீர்கள்? தனி நோட்டு பெரும்பாலும் கைக்கு எட்டாத இடத்தில்தான் கிடக்கிறது. அடுத்து, நாவல் நின்றுபோன நாட்களில் சிறுகதைத் தொகுப்பு ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்வது பழக்கத்தைக் காப்பாற்றுகிறதா, இல்லை நாவலை மேலும் தள்ளிப்போடுகிறதா? செய்து பார்த்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.